பழைய பாமும் எழுத்து ஒன்றைக் கணினியில் ஏற்றுவது எப்படி? ஆவணம், செலவு, காலம்

கேமரூன் நாட்டின் ஃபூம்பான் அரண்மனையில் பிறந்த பாமும் எழுத்துமுறையின் பழைய எழுத்து ஒன்று உங்கள் முன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் பிரதி ஒன்றின் படத்தில் இருக்கலாம், அருங்காட்சியகப் பொருள் ஒன்றின் மேலும் இருக்கலாம். அதைப் படமாக ஒட்டினால் போதாது. தேடினால் கிடைக்க வேண்டும், நகலெடுத்து ஒட்ட முடிய வேண்டும், இருபது ஆண்டு கழித்துத் திறந்தாலும் அதே எழுத்தாக நிற்க வேண்டும். அதற்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஃபூம்பான் ஆவணப் படங்களுக்கு அட்டவணை தயாரித்த ஒரு சிறு குழுவுக்குக் கணினி வேலை செய்தபோது இதற்கான வழிமுறை எங்கும் ஒரே இடத்தில் இல்லை என்று தெரிந்தது. ஜெர்மன் ஆய்வு ஒன்றின் அட்டவணையில் கொஞ்சம், யூனிகோட் (உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரம்) ஆவணத்தில் கொஞ்சம், டேட்டாபேஸ் கையேட்டின் மூலையில் கொஞ்சம் என்று பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. அடுத்து வருகிறவர்களும் இப்படி அலைய வேண்டாம்.

முதலில் காலமும் செலவும். உங்கள் எழுத்து ஏற்கெனவே யூனிகோடில் இருந்தால் (பெரும்பாலும் இருக்கும்) காசு ஏறக்குறைய செலவாகாது. எழுத்தை அடையாளம் காண்பதில்தான் நேரம் போகும். யூனிகோடில் இல்லையென்றால் கணக்கே வேறு. இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் ஆகலாம் என்று மனதை ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். அந்தப் பாதையை 7-ஆம் படியில் சொல்கிறேன். நேராக அங்கே தாவாதீர்கள், முதல் இரண்டு படியையும் ஒழுங்காக முடித்தவர்களுக்கே அது பயன்படும்.

1. நல்ல படமும் எழுத்துமூல அனுமதியும்

எழுத்தைத் தனியாக வெட்டிய படம் மட்டும் கையில் இருந்தால் வேலை ஓடாது. அது இருக்கும் முழுப் பக்கமும் வேண்டும். அதே கை எழுதிய மற்ற எழுத்துகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு கோடு எழுத்தின் உறுப்பா, பேனா வழுக்கியதா என்று தெரியும். நீங்களே ஸ்கேன் எடுப்பதானால் 600 டிபிஐ, வண்ணத்தில், சுருக்கப்படாத டிஃப் கோப்பாக வையுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மைக்கறையும் புள்ளியும் ஒன்றாகத் தெரியும்.

மூலம் தேடுகிறவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணக் காப்புத் திட்டத்தில் இஏபி051 என்ற எண்ணைப் பாருங்கள். ஃபூம்பானில் நடந்த பாமும் எழுத்து, ஆவணத் திட்டத்தின் படங்கள் அந்த எண்ணின் கீழ் வருகின்றன. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பார்க்கும் உரிமை வேறு, அச்சிடும் உரிமை வேறு. உங்கள் வெளியீட்டில் அந்தப் படத்தைப் போடப்போகிறீர்கள் என்றால் நூலகத்திடமும், ஆவணத்தின் உரிமையாளர்களிடமும் எழுதிக் கேளுங்கள். ஃபூம்பான் பிரெஞ்சு பேசும் மேற்கு மண்டலத்தில் இருக்கிறது. கடிதத்தைச் சுருக்கமான பிரெஞ்சில் எழுதி, எந்தப் பக்கம், எந்த எழுத்து, எங்கே வெளியாகப் போகிறது என்ற மூன்றையும் சொல்லி, படத்தை இணைத்து அனுப்பினால் பதில் வர வாய்ப்பு அதிகம். இந்தக் கடிதத்தை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகு அனுமதிக்காகக் காத்திருப்பதுதான் இந்தப் பாதையிலேயே மிகப் பெரிய கால விரயம்.

ஆவணத்தின் பெயர், பக்கம், வரி, வரியில் எத்தனையாவது எழுத்து, படக்கோப்பின் பெயர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதுங்கள். இதை அடையாளச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். கடைசிவரை இந்தச் சீட்டுதான் உங்களைக் காப்பாற்றும்.

2. எழுத்து எந்தக் கட்டத்தோடு வழக்கொழிந்தது?

எல்லாப் படியிலும் கடினமானது இதுதான். இங்கே தவறினால் பின்னால் செய்யும் அத்தனையும் தவறு.

மன்னர் இப்ராகிம் ன்ஜோயா 1896-இல் தொடங்கி 1910 வரை இந்த எழுத்துமுறையை ஆறு கட்டமாகத் திருத்தினார். 1918-இல் ஏழாவது கட்டம் வந்தது. ஆய்வாளர்கள் இவற்றுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்துக்குறி கொடுத்திருக்கிறார்கள். பல நூறு குறிகள் கொண்ட ஏ கட்டத்துக்கு லேவா என்று பெயர். எண்பது குறியாகச் சுருங்கிய எஃப் கட்டம் அ-கா-உ-கு, ஏழாவதான ஜி கட்டம் ம்ஃபெம்ஃபெ.

யூனிகோட் இந்தத் தொகுதியை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறது. இன்றைய வழக்கில் உள்ள 88 குறிகள் 'பாமும்' என்ற தொகுதியில் இருக்கின்றன. இவை 2009-இல் யூனிகோட் 5.2 பதிப்பில் வந்தன. வழக்கொழிந்த 569 எழுத்துகள் 'பாமும் சப்ளிமென்ட்' என்ற தொகுதியில். இவை 2010-இல் 6.0 பதிப்பில் சேர்ந்தன. இரண்டின் அட்டவணையும் யூனிகோட் தளத்தில் பிடிஎஃப் கோப்பாக இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் இறக்கி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரையில் உருட்டி உருட்டி 569 எழுத்தை ஒப்பிட்டால் கண் ஏமாற்றும்.

இப்போது எல்லோரையும் விழவைக்கும் பொறி. சப்ளிமென்ட் தொகுதியில் ஒவ்வொரு எழுத்தின் பெயரிலும் 'பேஸ்-ஏ', 'பேஸ்-சி', 'பேஸ்-எஃப்' என்று ஒரு கட்டம் ஒட்டியிருக்கும். அந்த எழுத்து பிறந்த கட்டம் அது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது அப்படியல்ல. அந்த எழுத்து கடைசியாக எந்தக் கட்டத்தில் வழங்கியதோ அந்தக் கட்டம் அது. பேஸ்-சி என்று பெயர் பெற்ற எழுத்து முதல் கட்டத்து ஆவணத்திலும் இருக்கலாம். டி கட்டத்தில் அதைப் பார்க்க முடியாது என்பதே பெயர் சொல்லும் செய்தி.

ஆகவே உங்கள் ஆவணம் ஏ கட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தாலும், பேஸ்-ஏ பகுதியில் மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். அந்த எழுத்து டி கட்டம்வரை பிழைத்திருந்தால் பேஸ்-டி பகுதியில் இருக்கும். இன்றுவரை பிழைத்திருந்தால் சப்ளிமென்டிலேயே இருக்காது, 88 எழுத்துள்ள முதல் தொகுதியில் இருக்கும். ஆவணத்தின் வயது எந்தப் பகுதியிலிருந்து முன்னோக்கித் தேடத் தொடங்குவது என்பதை மட்டுமே சொல்லும்.

நான் பரிந்துரைக்கும் வரிசை தலைகீழானது. முதலில் 88 எழுத்துள்ள தொகுதியைப் பாருங்கள், சிறியது, விரைவில் முடியும். அங்கே இல்லையென்றால் பேஸ்-எஃப், பிறகு இ, டி, சி, பி, கடைசியாக ஏ என்று பின்னோக்கி வாருங்கள். உங்கள் ஆவணத்தின் கட்டத்தையும் பார்த்து முடித்ததும் நிறுத்திவிடலாம். ஆவணம் எழுதப்பட்ட காலத்துக்கு முன்பே மறைந்த எழுத்து அதில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வடிவம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. கட்டத்துக்குக் கட்டம் எழுத்துகள் எளிமையாக்கப்பட்டன. ஒரு கட்டத்தில் நெருக்கமாகத் தோன்றும் இரண்டு வடிவங்கள் வேறு வேறு ஒலிக்கு நிற்கலாம். அதனால் அடுத்ததாக ஆல்ஃபிரட் ஷ்மிட் 1963-இல் மூன்று தொகுதியாக வெளியிட்ட ஆய்வின் அட்டவணைகளைப் பாருங்கள். வழக்கொழிந்த எழுத்துகள் எப்படிப் பயன்பட்டன என்பதற்கு யூனிகோட் முதன்மையாக நம்பியிருப்பதும் அவற்றைத்தான். நூல் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. ஜெர்மன் தெரியாதவரும் அட்டவணையைப் பின்தொடரலாம், ஏனென்றால் கட்டவாரியாக வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். விலைக்கு வாங்கப் போகாதீர்கள். பல்கலைக்கழக நூலகம் வழியாக நூலகங்களுக்கிடையிலான கடன் முறையில் உங்களுக்குத் தேவையான பக்கங்களின் நகல் கேளுங்கள், நகல் செலவு மட்டும் ஆகும். பதில் வரச் சில வாரம் பிடிக்கும். பிரெஞ்சு வாசிப்பவர்களுக்கு இடலெட் துகாஸ்டும் ஜெஃப்ரிஸும் 1950-இல் வெளியிட்ட ஆய்வும் உதவும்.

பெயரை வைத்து ஒலியை முடிவு செய்வதும் ஆபத்து. யூனிகோட் பெயர் ஒரு முத்திரை, அவ்வளவுதான். ஒரு முறை வெளியான பெயரைத் திருத்தவே முடியாது என்பது விதி. பிழை இருந்தாலும் பெயர் நிற்கும், பக்கத்தில் திருத்தப்பெயர் ஒன்று சேர்க்கப்படும். பேஸ்-ஏ வரிசையின் பன்னிரண்டாவது எழுத்துக்கு இதுதான் நடந்தது. பெயரின் எழுத்துக்கூட்டலில் வேண்டாத ஓர் எழுத்து புகுந்து அப்படியே நிலைத்துவிட்டது. கன்னடத்தில் நம் ழகரத்துக்கு இணையான பழைய எழுத்து யூனிகோடில் 'ஃபா' என்று பெயர் பெற்று இன்றும் அப்படியே இருப்பது நினைவிருக்கலாம். ஆகவே அட்டவணையில் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் படியுங்கள்.

எண் குறிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. முதல் தொகுதியில் உள்ள 'கோகொம்' என்ற குறி இன்றைய முறையில் சுழியம், முன்பு பத்து. உங்கள் ஆவணம் பழையது என்றால் தொகை தலைகீழாகிவிடும். குறியீடு ஒன்றேதான்; எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அடையாளச் சீட்டில் எழுதுங்கள். இந்த எண் குறிகளை யூனிகோட் சாதாரண இலக்கமாக வகைப்படுத்தவில்லை, எழுத்தாகவும் எண்ணாகவும் பயன்படும் குறியாக வகைப்படுத்தியிருக்கிறது. எனவே விரிதாள் அவற்றைத் தானாகக் கூட்டிக் காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முடிவாகச் சீட்டில் குறியீட்டு எண், யூனிகோட் பெயர், கட்டம், உறுதி நிலை நான்கையும் எழுதுங்கள். உறுதி நிலைக்கு 'உறுதி', 'ஐயம்' என்ற இரண்டு சொல் போதும். ஐயம் உள்ளதை ஐயம் என்றே எழுதுவது பின்னால் வருகிறவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

3. குறியீட்டு எண்ணை எழுதும் முறை

எடுத்துக்காட்டாக சப்ளிமென்ட் தொகுதியின் முதல் எழுத்தை எடுப்போம். பேஸ்-ஏ வரிசை, பெயர் 'ங்குவே ம்ஃபோன்'. குறியீட்டு எண் யூ+16800.

16800 என்பதில் எழுத்து எதுவும் கலக்காததால் அது சாதாரண தசம எண் போலத் தோன்றுகிறது. உண்மையில் அது ஹெக்ஸ் எண், பதினாறை அடிமானமாகக் கொண்டது. தசமத்தில் அதன் மதிப்பு 92160. வலைப்பக்கத்தில் ஆம்பர்சேண்ட், ஹாஷ் குறிகளோடு எண்ணை எழுதும்போது ஹாஷுக்குப் பின் எக்ஸ் போட்டால் ஹெக்ஸ், போடாவிட்டால் தசமம். எக்ஸை விட்டுவிட்டு 16800 என்று எழுதினால் திரையில் வருவது ஒரு சீன எழுத்து. எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து நேரம் வீணாக்குவீர்கள்.

இன்னொரு வழியிலும் சீன எழுத்து வரும். இந்த எழுத்துகள் யூனிகோடின் முதல் தளத்துக்கு, அதாவது முதல் 65,536 இடங்களுக்கு, வெளியே இருக்கின்றன. பழைய நிரலாக்கக் கட்டளைகள் சில பதினாறு பிட்டுக்கு மேல் உள்ளதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய 'ஃப்ரம் கேர் கோட்' கட்டளை 16800-ஐ 6800 ஆக்கிவிடும், அதுவும் ஒரு சீன எழுத்தே. 'ஃப்ரம் கோட் பாயின்ட்' என்ற புதிய கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதே மொழியில் நீளம் கேட்டால் ஒரு எழுத்துக்கு இரண்டு என்று சொல்லும், அது பிழை அல்ல.

அட்டவணை தயாரிப்பவர்கள் இந்த எல்லைகளைப் பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். தசமக் கணக்கில் இன்றைய பாமும் குறிகள் 42656 முதல் 42743 வரை. பழைய எழுத்துகள் 92160 முதல் 92728 வரை. உங்கள் கோப்பில் உள்ள எண் இந்த இரண்டு எல்லைக்குள்ளும் வரவில்லை என்றால் அது பாமும் எழுத்தே அல்ல.

4. எழுத்துரு

நோட்டோ சான்ஸ் பாமும் என்ற எழுத்துருவை இறக்குங்கள். கூகுள் வெளியிட்டது, திறந்த எழுத்துரு உரிமத்தில் இருக்கிறது, இலவசம். அச்சு நூலிலும் வலைத்தளத்திலும் தனி அனுமதி இல்லாமல் சேர்க்கலாம். இரண்டு தொகுதிக்கும் இதுவே போதும். நிறுவியபின் முதல் தொகுதியிலிருந்து ஒன்று, சப்ளிமென்டிலிருந்து ஒன்று என இரண்டு எழுத்தைச் சோதியுங்கள். முதலாவது தெரிந்து இரண்டாவது வெற்றுப் பெட்டியாகத் தெரிந்தால் உங்கள் மென்பொருள் வேறு எழுத்துருவை எடுத்துக்கொண்டிருக்கிறது, அல்லது மேல்தள எழுத்தை (முதல் தளத்துக்கு வெளியே உள்ளதை) கையாளத் தெரியாத பழைய மென்பொருள் அது.

வாசகர் கணினியில் இந்த எழுத்துரு இருக்கும் என்று நம்பவே கூடாது. வலைத்தளமானால் எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்தே அனுப்புங்கள்.

5. தட்டச்சு

ஓர் எழுத்துக்காக விசைப்பலகை செய்ய வேண்டாம். வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் 16800 என்று தட்டி, ஆல்ட் விசையோடு எக்ஸ் அழுத்தினால் எழுத்தாக மாறும். எண்ணுக்கு முன் இடைவெளி விடாமல் வேறு இலக்கம் இருந்தால் அதையும் சேர்த்துப் படித்துவிடும், கவனம். லினக்ஸில் பல செயலிகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் அழுத்தி எண்ணைத் தட்டலாம். மேக்கில் யூனிகோட் ஹெக்ஸ் உள்ளீட்டு முறையை இயக்கி, ஆப்ஷன் விசையைப் பிடித்தபடி எண்ணை இரண்டு பாதியாகத் தட்ட வேண்டும். யூ+16800-க்கு அது டி81ஏ, டிசி00.

முழு ஆவணத்தையே படியெடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் கீமேன் மென்பொருளில் சொந்த விசைப்பலகை அமையுங்கள். அதுவும் இலவசம்தான்.

6. சேமிப்பும் பரிமாற்றமும்

எல்லாக் கோப்பையும் யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். நம் தமிழ் எழுத்துகள் இதில் மூன்று பைட் எடுக்கும், முதல் தொகுதியில் உள்ள பாமும் எழுத்துகளும் மூன்றுதான். பழைய பாமும் எழுத்துகள் நான்கு பைட். இந்த ஒரு பைட் வித்தியாசத்தில்தான் பல டேட்டாபேஸ்கள் மண்டியிடுகின்றன.

மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துகிறவர்கள் அட்டவணையின் வகை 'யூடிஎஃப்8' என்றிருந்தால் உடனே நிறுத்துங்கள். அங்கே அந்தப் பெயருக்கு அதிகபட்சம் மூன்று பைட் என்றே பொருள். கண்டிப்பான நிலையில் இருந்தால் பிழைச்செய்தி வரும், பிழைத்தீர்கள். தளர்வான நிலையில் இருந்தால் பழைய எழுத்து வந்த இடத்தோடு வாக்கியம் வெட்டப்பட்டுச் சேமிக்கப்படும். பின்னால் உள்ள குறிப்பும் போய்விடும். 'யூடிஎஃப்8எம்பி4' என்ற வகைக்கு மாறுங்கள். அட்டவணையை மட்டும் மாற்றினால் போதாது, இணைப்பின் வகையையும் அதுவாக்க வேண்டும்.

அதற்கு அடுத்த பொறியை யாரும் சொல்லித்தரவில்லை. அதே மைஎஸ்க்யூஎல்லில் ஒப்பீட்டு முறை 'ஜெனரல் சிஐ' என்றிருந்தால் மேல்தள எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே எடைதான். அதன் கண்ணில் 569 பழைய பாமும் எழுத்துகளும் சமம். எழுத்துப் பத்தியில் தனித்தன்மைக் கட்டுப்பாடு வைத்திருந்தால் இரண்டாவது எழுத்தைச் சேர்க்கும்போதே 'ஏற்கெனவே உள்ளது' என்று மறுக்கும். ஒரு எழுத்தைத் தேடினால் எல்லாம் வந்து நிற்கும். ஒப்பீட்டு முறையை 'பின்' என்று முடிவதாக வையுங்கள், சிக்கல் தீரும்.

இதே நோய் தமிழுக்கும் உண்டு. நம் பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 2019 மார்ச்சில் யூனிகோட் 12.0 பதிப்பில் 'தமிழ் சப்ளிமென்ட்' என்ற பெயரில் மேல்தளத்தில்தான் சேர்ந்தன. உங்கள் அமைப்பு பாமும் எழுத்தைத் தாங்கினால் அரைக்காணியையும் முந்திரியையும் தாங்கும்.

பிடிஎஃப் உருவாக்கும்போது எழுத்துருவை உள்ளே பதியுங்கள். பின் அந்தப் பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டி, குறியீட்டு எண் மாறாமல் வருகிறதா என்று பாருங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் நகலெடுத்தால் குப்பையாக வரும் பிடிஎஃப்கள் ஏராளம். கோப்புப் பெயரில் பாமும் எழுத்தைப் போடாதீர்கள், குறியீட்டு எண்ணைப் போடுங்கள். மொழிக் குறிப்பு கேட்கும் இடத்தில் பாமும் மக்களின் ஷுபாமெம் மொழிக்கு பி-ஏ-எக்ஸ், எழுத்துமுறைக்கு பி-ஏ-எம்-யூ என்று தாருங்கள்.

7. எழுத்து பட்டியலிலேயே இல்லையென்றால்

இரண்டு அட்டவணையையும் தலைகீழ் வரிசையில் பார்த்தாயிற்று, ஷ்மிட்டின் அட்டவணைகளையும் பார்த்தாயிற்று, எழுத்து இல்லை. யூனிகோடுக்கு முன்மொழிவு எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருப்பது புதிய எழுத்தா, ஏற்கெனவே உள்ள எழுத்தின் வேறு கையெழுத்தா? ஒலியும் பயன்பாடும் ஒன்றாக இருந்து வளைவு மட்டும் வேறு என்றால் தனிக் குறியீடு தரமாட்டார்கள். அது எழுத்துருவின் வேலை.

தலைக்கு மேல் சிறு குறி ஏதாவது இருக்கிறதா? கோக்ன்டோன், துக்வென்திஸ் என்ற இரண்டு சேர்க்கைக் குறிகள் முதல் தொகுதியில் தனியாகவே இருக்கின்றன. அடிப்படை எழுத்தையும் குறியையும் அடுத்தடுத்துத் தட்டினால் முடிந்தது. சேர்ந்த வடிவத்துக்குத் தனி இடம் கேட்டால் மறுப்பார்கள்.

எழுத்து இருக்கிறது, ஆனால் அட்டவணையில் அதன் வடிவம் தவறாக வரையப்பட்டிருக்கிறதா? அப்படியென்றால் முன்மொழிவே வேண்டாம். ஆதாரப் படத்தோடு யூனிகோட் தளத்தின் பின்னூட்டப் படிவத்தில் எழுதுங்கள். வடிவத்தைத் திருத்த முடியும். பெயரையும் இடத்தையும்தான் மாற்ற முடியாது.

மூன்றையும் தாண்டி நின்றால், தேவைப்படும் ஆவணங்கள் இவை.

முதலாவது முன்மொழிவு. பிடிஎஃப்பாக, ஆங்கிலத்தில். எழுத்தின் படம், முன்மொழியும் பெயர், முன்மொழியும் இடம், எழுத்தின் வகை முதலிய பண்புகளைச் சொல்லும் பண்பு வரி, ஏன் ஏற்கெனவே உள்ள எதோடும் சேராது என்ற விளக்கம் எல்லாம் இருக்க வேண்டும். சப்ளிமென்ட் தொகுதியில் 7 இடம்தான் காலி, முதல் தொகுதியில் 8. நீங்கள் கேட்கும் இடம் அந்தக் காலியிடங்களில் ஒன்றாக இருக்கட்டும், ஆனால் இறுதி முடிவு அவர்களுடையது. பெயரில் கட்டத்தைச் சேர்ப்பதானால் 2-ஆம் படியில் சொன்ன விதிப்படி கடைசிக் கட்டத்தைச் சேருங்கள். இதைத் தவறாக எழுதினால் படிக்கிறவருக்கு உங்கள் மற்ற வாதங்களிலும் நம்பிக்கை குறையும்.

இரண்டாவது ஆதாரம். ஓடும் வாசகத்தில் எழுத்து வரும் படங்கள். எழுத்துப் பட்டியலில் மட்டும் இருக்கிறது என்பது பலவீனமான ஆதாரம். ஒன்றுக்கு மேற்பட்ட ஆவணம், முடிந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட கை. ஒவ்வொரு படத்திலும் எழுத்தை வட்டமிட்டு, கீழே மூலத்தின் முழு விவரம். நீங்கள் 1-ஆம் படியில் எழுதிய சீட்டு இங்கே அப்படியே பயன்படும்.

மூன்றாவது முன்மொழிவுச் சுருக்கப் படிவம். இதை நிரப்பும்போது பலர் தடுமாறும் கேள்வி, பயன்படுத்தும் மக்களோடு தொடர்பு கொண்டீர்களா என்பது. பாமும் எழுத்து செத்த எழுத்தல்ல, ஃபூம்பானில் இன்றும் கற்றுத்தருகிறார்கள். அவர்களோடு பேசாமல் தூரத்திலிருந்து ஒரு முன்மொழிவு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. நடைமுறையில் பார்த்தாலும் அந்தக் கேள்விக்கு வெறுமையான பதில் கொடுத்த முன்மொழிவு திரும்பி வரும்.

நான்காவது எழுத்துரு. அட்டவணையில் அச்சிட உங்கள் எழுத்தின் வடிவம் கொண்ட எழுத்துருக் கோப்பும், அதைப் பயன்படுத்த அனுமதியும் கேட்பார்கள். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவச மென்பொருள். ஓர் எழுத்தை வரைய அது போதும். கோட்டின் தடிமன் நோட்டோவோடு ஒத்துப்போகும்படி வரையுங்கள்.

சமர்ப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. முகவர் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உண்மையான செலவு நல்ல படங்கள், நூலக நகல்கள், தேவைப்பட்டால் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. எழுதத் தெரியவில்லை, யாராவது பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ஸ்கிரிப்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் என்ற திட்டத்தை அணுகலாம். இப்படிப்பட்ட எழுத்துகளுக்காகவே உள்ள திட்டம் அது.

காலக் கணக்கு இப்படி. யூனிகோட் தொழில்நுட்பக் குழு ஆண்டுக்கு நான்கு முறை கூடுகிறது. அதற்கு முன் எழுத்துமுறைகளுக்கான பணிக்குழு உங்கள் ஆவணத்தைப் படித்துத் திருத்தம் கேட்கும். கூட்டத்துக்குச் சில வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கொடுத்தால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். முதல் சுற்றிலேயே ஏற்றுக்கொள்வது அரிது. திருத்தம் கேட்டால் மனம் தளராதீர்கள், திருத்திக் கொடுத்த ஆவணத்துக்குப் புதிய பதிவெண் கிடைக்கும், முந்தையதும் பதிவில் இருக்கும். ஏற்றுக்கொண்ட பிறகு யூனிகோடுக்கு இணையான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10646-ஓடும் இணக்கம் ஏற்பட வேண்டும். பிறகு ஆல்ஃபா, பீட்டா சுற்றுகள். அண்மைப் பதிப்புகள் செப்டம்பரில் வெளியாகின்றன. எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டு என்று வைத்தால் அது நல்ல கணக்கு.

உங்கள் எழுத்து எங்கே நிற்கிறது என்பதை யூனிகோட் தளத்தில் 'பைப்லைன்' என்ற பக்கத்தில் பார்க்கலாம். அதில் வந்துவிட்டது என்பதற்காக அந்த எண்ணை உடனே பயன்படுத்தத் தொடங்காதீர்கள். பதிப்பு வெளியாகும்வரை இடம் மாறலாம்.

8. காத்திருக்கும் காலத்தில்

வேலை நிற்க முடியாது என்றால் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் ஓர் இடத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தளத்தில் 6,400 இடம் இதற்கென்றே இருக்கிறது. தசமத்தில் 57344 முதல் 63743 வரை. உங்கள் எழுத்துருவில் அந்த இடத்தில் வடிவத்தை வையுங்கள். ஆனால் அந்த எண்ணுக்கு உங்கள் வீட்டுக்கு வெளியே எந்தப் பொருளும் இல்லை. எனவே கோப்பை யாருக்கு அனுப்பினாலும் எழுத்துருவும் ஒரு பக்க விளக்கமும் கூடப் போக வேண்டும். பொதுத்தளத்தில் போடும்போது எழுத்தோடு படத்தையும் சேருங்கள்.

எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியலைத் தனிக்கோப்பாக வையுங்கள். உண்மையான எண் கிடைத்ததும் அந்தப் பட்டியலைக் கொண்டு ஒரே கட்டளையில் எல்லாக் கோப்பிலும் மாற்றிவிடலாம். பதிப்பு வெளியான அன்றே மாற்ற வேண்டாம். புதிய எழுத்தைக் கொண்ட எழுத்துரு பொதுவில் வரச் சில மாதம் பிடிக்கும். அதுவரை உங்கள் சொந்த எழுத்துருவில் புதிய இடத்திலும் பழைய இடத்திலும் ஒரே வடிவத்தை வைத்திருங்கள். மாற்றும் முன் ஒரு முழு நகல் எடுத்துவைத்து, மாற்றிய தேதியை அடையாளச் சீட்டில் எழுதுங்கள்.